காலைத் தூக்கி வைக்கும் வேலை

ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஜூஜூவாடி செக்போஸ்ட் வரைக்கும் இப்போது ஒருமுறை போய்ப் பாருங்கள். மூலம், பவுத்திரம், விரைவீக்கம், கருப்பை இறக்கம் என்று இரண்டு பக்கமும் போர்டு. கத்தி இல்லை, ரத்தம் இல்லை, வலி இல்லை, காலையில் வந்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். போர்டில் ஒரு பெண் டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறார். அதே முகத்தைக் கிருஷ்ணகிரியில் ஒரு பல் ஆஸ்பத்திரி போர்டிலும் பார்த்தேன். இவர்கள் சொல்வதைப் பார்த்தால் நாங்களெல்லாம் முப்பது வருடம் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தோம் போல.

போன மாதம் ஸ்டெல்லா சிஸ்டர் போன் செய்தார். என்னோடு பதினோரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர். இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கெல்லாம் தலைமை. ஆண்டு மலர் போடுகிறார்களாம். "நம்ம தியேட்டர் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்கண்ணா, இப்ப வர்ற பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். நாலு வார்த்தை எழுதலாம். நல்லதா என்பதுதான் இடிக்கிறது.

நான் கல்லாவி கிராமத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சிப்காட்டில் வேலை தேடி வந்தேன்; கம்பெனிக்காரர்கள் ஐ.டி.ஐ. கேட்டார்கள். நர்சிங் ஹோமில் ஒன்றும் கேட்கவில்லை. மூன்று மாதம் தரை துடைத்தேன், மூன்று மாதம் கத்தரிக்கோல் கழுவினேன், பிறகு ஒருநாள் ஆள் வராததால் உள்ளே கூப்பிட்டுக் கவுன் மாட்டிவிட்டார்கள். அதுதான் என் படிப்பு, என் பயிற்சி, எல்லாம்.

எனக்குப் பயந்த சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவன். கேஸை அணைத்தோமா என்ற சந்தேகத்தில் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறேன். வீட்டில் இதற்குக் கிறுக்கு என்று பெயர். தியேட்டரில் இதற்கு ஒரு பயன் இருந்தது. ஆனால் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

இடுப்புக்குக் கீழே செய்கிற ஆபரேஷன்களில் பாதிக்கு, நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு காலையும் தூக்கி விரித்து, மேசையின் இரு பக்கமும் நிற்கிற கம்பிகளில் மாட்ட வேண்டும். மூலம், பவுத்திரம், அடி இறங்கின பெண்களுக்குக் கருப்பை எடுப்பது, வயதானவர்களுக்குப் புரோஸ்டேட் சுரண்டுவது, பிரசவத்தில் கிழிந்ததைத் தைப்பது எல்லாம் இந்தக் கிடையில்தான். டாக்டர்கள் இதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இது 'காலைத் தூக்குறது'.

இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். முதுகில் ஊசி போட்டபிறகு இடுப்புக்குக் கீழே அந்த உடம்பு அந்த ஆளுடையது இல்லை. கிள்ளினாலும் தெரியாது, முறுக்கினாலும் தெரியாது. 'வலிக்குது' என்று அவர் சொல்ல வேண்டியதை அவருக்காக நான்தான் யோசிக்க வேண்டும். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பு பிசகும். ஒரு கை குதிகாலில், இன்னொரு கை முட்டிக்குப் பின்னால். முட்டியை மடக்கிக்கொண்டேதான் மேலே கொண்டுபோக வேண்டும். மேசையின் கால்பக்கப் பலகையைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் நோயாளியின் கைவிரல் இடுக்கில் இல்லையே என்று பார்க்க வேண்டும். முடிந்ததும் காலைத் தொப்பென்று இறக்கக் கூடாது. ரத்தம் காலுக்கு ஓடி பிரஷர் விழுந்துவிடும். மயக்க டாக்டர் தலையாட்டின பிறகு, இரண்டையும் சேர்த்து, மெல்ல இறக்க வேண்டும்.

இத்தனையிலும் என் பெரிய பயம் ஒரு முண்டு எலும்பு. முட்டிக்குச் சற்றுக் கீழே, காலின் வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள், கோலிக்குண்டு மாதிரி தட்டுப்படும். அதை ஒட்டித் தோலுக்கடியில் ஒரு நரம்பு ஓடுகிறது. எங்கள் மயக்க டாக்டர் கன்னடக்காரர், அத்திப்பள்ளியிலிருந்து வருவார். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே என் காலில் அந்த இடத்தைத் தொட்டு, "இல்லி நோடப்பா, இங்க கம்பி அழுத்தினா பாதம் தொங்கிடும், மேல தூக்க ஆகாது" என்றார். காட்டியிருக்கவே வேண்டாம். அன்றிலிருந்து நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. பழைய பெட்ஷீட்டைக் கிழித்து, பஞ்சு அடைத்து, என் வீட்டுக்காரியிடம் கொடுத்து நாலு திண்டு தைத்து வாங்கினேன். கம்பிக்கும் காலுக்கும் நடுவே அதை வைத்துத்தான் கட்டுவேன்.

பெரிய டாக்டரை நாங்கள் சீஃப் என்போம். கை வேகம் அப்படி ஒரு வேகம். மூலத்தைக் கடிகார முள் கணக்கில் மூன்று மணி, ஏழு மணி, பதினோரு மணி என்று பிடித்து, அடியைக் கட்டி, வெட்டிக்கொண்டே போவார். நான் லைட்டைத் திருப்புவதற்குள் அடுத்த முடிச்சில் இருப்பார். இதை மறுக்கவில்லை. இதைத் தவிர அவரிடம் மெச்ச என்ன இருந்தது என்று இரண்டு வருடமாக வீட்டில் உட்கார்ந்து யோசிக்கிறேன், இன்னும் அகப்படவில்லை. ஒவ்வொரு கேஸ் முடிந்ததும் எத்தனை நிமிடம் என்று ஸ்டெல்லா சிஸ்டரைக் கேட்பார். குறைந்திருந்தால் பெருமை அவருக்கு, கூடியிருந்தால் குற்றம் எங்களுக்கு. என் பெயர் அவருக்குத் தெரியாது. எட்டாங்கிளாஸ் என்பார்.

"என்ன எட்டாங்கிளாஸ், மெத்தைக் கடை வச்சிருக்கியா? பேஷண்டு தூங்கறதுக்கா வந்திருக்கான்?"

சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அது இன்னும் கேவலம்.

எங்களிடம் வந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள் மட்டும் என்ன. எவரும் உள்ளதைச் சொல்லமாட்டார். வேப்பனப்பள்ளி மாந்தோப்பில் கூடை சுமந்து சுமந்து அடி இறங்கின அம்மா ஒருவர், வருடக்கணக்காகத் துணி வைத்துக் கட்டிக்கொண்டு இருந்தவர், ரிசப்ஷனில் தலைவலி என்றார். விரை வீங்கி பேண்ட் போட முடியாமல் வேட்டியில் வந்தவர் கேஸ்டிரிக் என்றார். இடுப்புக்குக் கீழே வருகிற நோயெல்லாம் அவர்கள் ஏதோ திருடிக்கொண்டு வந்தது போல. சீஃபுக்கு இது ஒரு விளையாட்டு. கம்பெனிக்குக் கொடுக்கிற லீவு சான்றிதழில் என்ன எழுதட்டும் என்று அவரே கேட்பார், ஓட்டல் சர்வர் மாதிரி ஒப்பிப்பார்: "அப்பெண்டிக்ஸ் இருக்கு, கிட்னி கல்லு இருக்கு, குடலிறக்கம் இருக்கு. எது வேணும்?"

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும், செல்வம் வந்தான். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், இருபத்தெட்டு வயது. மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் அவன் ஊர்க்காரர்கள் ஆறு பேரோடு இருந்தான். வண்டி உதிரிபாகக் கம்பெனியில் பிரஸ் ஆபரேட்டர், காண்டிராக்ட். தகட்டை உள்ளே வைத்து வலது காலால் பெடலை மிதிக்க வேண்டும். எடு, வை, மிதி. ஷிஃப்ட் முழுக்க அதுதான். அவனுக்குப் பவுத்திரம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் சீழ் கட்டி, உடைந்து, உள்ளே குழாய் போல வழி போட்டுக்கொள்ளும் நோய். ஏற்கெனவே யாரோ ஒரு வைத்தியரிடம் காட்டிக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"என்ன எழுதட்டும்?" என்று சீஃப் கேட்டபோது நான் அந்த அறையில் இருந்தேன்.

"முட்டின்னு போடுங்க சார். பிரஸ்ல நிக்கவனுக்கு முட்டி வலின்னா ஒருத்தனும் ஏன்னு கேக்கமாட்டான்."

"எந்த முட்டி?"

"வலது, சார். பெடல் மிதிக்கது அதுலதான்."

"புத்திசாலி" என்று சீஃப் சிரித்துக்கொண்டே எழுதினார். வலது முட்டியில் சிறு அறுவை சிகிச்சை.

ஆபரேஷன் அன்றைக்கு மழை. நாலு திண்டும் முந்தின நாள் துவைத்தது, காயவில்லை. டவலை மூன்றாக மடித்து வைத்துக் கட்டினேன். சீஃப் பார்த்துவிட்டு, "இன்னும் அகலமா வையி" என்றார். கம்பியை வெளியே சாய்த்தேன். "இன்னும்." சாய்த்தேன். அரை மணி வேலை என்று நினைத்துத்தான் எல்லாரும் இருந்தோம். மழுங்கின முனையுள்ள சின்னக் கம்பியைப் பவுத்திரத்தின் வெளி ஓட்டையில் விட்டு, உள் ஓட்டையில் எடுத்து, நடுவில் இருப்பதைக் கீறித் திறந்துவிட்டு, சுரண்டிச் சுத்தம் செய்து, மருந்துத் துணி வைத்தால் முடிந்தது. ஆனால் அந்தச் சின்னக் கம்பி உள்ளே போய் முட்டிக்கொண்டு நின்றது. வழி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று பின்பக்கமாக வளைந்து ஆழத்துக்குப் போனது. வாய்பேசாமல் வேலை செய்யாத சீஃப் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரம் போனது. நான் வலது காலருகே நின்றிருந்தேன். வலது கால் முழுக்கக் கம்பியில் சாய்ந்திருந்தது. டவல் கீழே நழுவி, கணுக்காலுக்குப் போய்விட்டது.

"சார், வலது கால் கம்பியில அழுந்திக்கினு இருக்குதுங்க. ஒரு நிமிஷம் எறக்கி வெச்சிக்கலாங்களா?"

"எட்டாங்கிளாஸ், லைட்டைப் புடி."

பத்து நிமிடம் கழித்து மறுபடி சொன்னேன். அவர் கையில் இருந்த கத்தரியை டிரேயில் போட்ட சத்தம்தான் பதில். நான் ஒரு கையால் லைட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் துணிக்கடியில் விட்டு, கம்பிக்கும் அவன் காலுக்கும் நடுவில் உள்ளங்கையைக் கொடுத்தேன். கொஞ்ச நேரம்தான். தையல் நூல் எடுத்து வா என்று வெளியே அனுப்பினார். போய்த் தேடி வந்தபிறகு மறுபடி கையை விட்டேனா, இல்லையா? விட்டதாக ஒருநாள் தோன்றுகிறது, விடவில்லை என்று மறுநாள் தோன்றுகிறது. மூன்றாவது முறை வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம். இரண்டேகால் மணி நேரம் ஆனபோது மயக்க டாக்டர், "சாக்கு சார், போதும், முதுகு ஊசி வேலை முடியப் போகுது" என்றார். அதற்குப் பிறகுதான் முடிந்தது.

அன்று சாயங்காலம் வார்டுக்குப் போய் அவன் காலடியில் நின்றேன். மரத்தது விட்டிருந்தது. இடது பாதத்தை ஆட்டினான்.

"வலதையும் தூக்குப்பா. விரலை மொகத்தைப் பாக்கத் தூக்கு."

"தூக்குதேம்லா."

தூக்கவில்லை. அவன் மூளை தூக்கிக்கொண்டிருந்தது, பாதம் துவண்ட கொடி மாதிரிக் கிடந்தது.

மறுநாள் சீஃபிடம் சொன்னேன். "ஸ்பைனல் ஊசி எஃபெக்ட், போயிடும்" என்றார். மூன்றாம் நாளும் போகவில்லை. அவன் எழுந்து கக்கூசுக்கு நடந்தபோது செருப்பு கழன்று கழன்று விழுந்தது. நான் மறுபடி போய், "கம்பி அழுந்தினதாலதான் சார்" என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"காலைக் கட்டினவன் யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப யாரோட தப்பு?"

என் மகள் அப்போது கிருஷ்ணகிரி காலேஜில் முதல் வருடம். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

செல்வம் பதினைந்து நாள் கழித்து வேலைக்குப் போனான். மிதிப்பதற்கு முன்னால் பாதத்தைத் தூக்கிப் பெடலில் வைக்க வேண்டுமே. முன்பாதம் பெடலுக்கடியில் போய் இடித்துக்கொண்டு நின்றது. ஒரே நாளில் பிரஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்கள். நிரந்தரமாக முடியாது என்றால் கணக்கை முடித்து ஊருக்கு அனுப்புவதாகப் பேச்சு. அவனைக் கூட்டிக்கொண்டு, கம்பெனியில் ஆள் வருகையும் லீவும் பார்க்கிற டைம் ஆபீஸ்காரர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நல்ல மனிதர். கால் எப்போது சரியாகும், ஏன் இப்படி ஆனது என்று எழுதித் தரும்படி கேட்டார்.

அந்தப் பையனின் ஃபைலை எடுத்துக்கொண்டு நான் சீஃப் அறைக்குப் போனேன். வழியில் தீர்மானம் செய்திருந்தேன். மூன்று இரவு யோசித்த தீர்மானம். வேலை போனாலும் போகட்டும்.

சீஃப் சாய்ந்து உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். "அவருக்கு அந்த முட்டியில ஏற்கெனவே டேமேஜ். நரம்பும் சேர்ந்து வீக்கா இருந்திருக்கு. நாங்க முடிஞ்சதைப் பண்ணோம். சர்டிபிகேட்லயே இருக்கே, வலது முட்டின்னு." விளையாட்டுக்கு எழுதின காகிதத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

"சார்," என்றேன். எனக்கே என் குரல் கேட்டது. "அவருக்கு முட்டியில ஆபரேஷனே நடக்கலீங்க. தியேட்டர் நோட்டுல இருக்குதுங்க. வேற ஆபரேஷன். அப்ப கால் கம்பியில அழுந்திடுச்சு. கட்டினவன் நான்தாங்க."

டைம் ஆபீஸ்காரர் என்னைப் பார்த்தார், பிறகு செல்வத்தைப் பார்த்தார். "என்ன செல்வம், வேற ஆபரேஷனா?"

செல்வத்தின் கழுத்து வியர்த்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை.

"இல்ல சார். அண்ணன் வேற யாரையோ நெனச்சுப் பேசுதாவ. எனக்கு முட்டிதான்."

சீஃப் சிரிக்கவில்லை, அதற்கு அவசியமும் இல்லை. "ஒரு நாளைக்குப் பத்துப் பேஷண்டைப் பாக்கறாங்க, பாவம், குழம்பிடறாங்க" என்று எனக்காகப் பரிந்து பேசினார். வேலையை விட்டும் எடுக்கவில்லை. எடுக்கும் அளவுக்கு நான் ஒரு ஆளாக அவருக்குத் தெரியவில்லை.

வெளியே சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் செல்வம் எனக்காக நின்றிருந்தான்.

"அண்ணே, கோவப்படாதீய. டைம் ஆபீஸ்காரரு எங்க ஊருக்குப் பக்கத்து ஊரு. சொன்னா சாயந்தரத்துக்குள்ள லைன் வீடு பூரா பரவிரும். அப்புறம் ஊருக்கும் போயிரும்."

"கால் போச்சுன்னா பரவாயில்லியா?"

"காலுக்குக் கேலி பண்ணமாட்டாங்கல்லா."

அவனை அறையலாமா என்று இருந்தது. அறைந்திருந்தால் என்னையும் சேர்த்து அறைய வேண்டியிருக்கும்.

டைம் ஆபீஸ்காரர் இரக்கப்பட்டு ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்று ஏற்பாடு செய்தார். அதற்குள் பாதம் சரியானால் பிரஸ், இல்லாவிட்டால் ஊர். அதுவரை முட்டிக்கு ஓய்வு வேண்டுமே என்று பேக்கிங்கில் போட்டார். நாள் முழுக்க ஸ்டூலில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற வேலை. பவுத்திரம் திறந்துவிட்ட புண் அடியிலிருந்து மெல்ல ஆற வேண்டியது. அதன்மேல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தான். நிற்கிற வேலை கேட்டால் முட்டி என்ன ஆவது என்பார்கள். ஒரு பொய்க்கு ஒரு மனிதன் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஞாயிறு தோறும் டிரெஸ்ஸிங்குக்கு வருவான். வெந்நீர்த் தொட்டியில் அவனை உட்காரவைத்து, பிறகு குப்புறப் படுக்கவைத்துத் துணி மாற்றுவேன். குதிகாலுக்குக் கீழே அட்டை கொடுத்துத் துணிப்பட்டையால் பாதத்தைத் தூக்கிக் கட்டவும் ஸ்டெல்லா சிஸ்டரிடம் கற்றுக்கொண்டேன்.

அந்த நாட்களில் தியேட்டரில் ஒருநாள் மறுபடி திண்டு நனைந்திருந்தது. சீஃப் கை கழுவி, கையுறை மாட்டி, கைகளை மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு நின்றார். நான் வேறு டவல்கள் எடுக்க ஆள் அனுப்பிவிட்டு, நோயாளியின் ஒரு காலை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். இன்னொரு காலை ஸ்டெல்லா சிஸ்டர் பிடித்திருந்தார்.

"மாட்டு, எட்டாங்கிளாஸ்."

"டவல் வரட்டுங்க சார்."

"மாட்டுன்னேன்."

"வரட்டுங்க."

கையுறை போட்டவர் எதையும் தொட முடியாது. தொட்டால் மறுபடி போய்க் கழுவ வேண்டும். என் தோளில் இருந்த காலை அவர் தொட முடியாது, கம்பியைத் தொட முடியாது, என்னையும் தொட முடியாது. இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாமல் போனதே என்று ஆச்சரியமாக இருந்தது. நாலு நிமிடம் நின்றார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. டவல் வந்தது. வைத்தேன், மடித்தேன், கட்டினேன், விரலை விட்டுப் பார்த்தேன், மறுபடி விட்டுப் பார்த்தேன்.

பதினோராவது ஞாயிறு. செல்வம் குப்புறப் படுத்திருந்தான். வழக்கம்போல, "தூக்கு" என்றேன். வலது கட்டைவிரல் ஒரு நகக்கண் அளவு அசைந்தது. அவன் முகம் தலையணையில் இருந்ததால் அவனுக்குத் தெரியாது. என் கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைத்து இன்னும் ஏழு முறை தூக்கச் சொன்னேன். "போதும்ணே, எதுக்குப் போட்டு இந்தப் பாடு" என்றான். எட்டாவது முறையும் அசைந்தபிறகுதான் அவனைத் திருப்பி உட்காரவைத்துக் காட்டினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். புண் வலிக்க உட்கார்ந்திருப்பதையே மறந்துவிட்டான்.

ஐந்தரை மாதத்தில் பாதம் முழுக்கத் தூக்கினான். மயக்க டாக்டர் அவனைக் காரிடாரில் குதிகாலால் மட்டும் நடந்து காட்டச் சொன்னார். முன்பாதத்தைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை நடந்தான், சின்னப் பிள்ளை விளையாடுவது போல. மறுநாள் பிரஸ்ஸுக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தாயிற்று. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். பெஞ்சில் டோக்கனோடு உட்கார்ந்திருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பாகலூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கேட்டார்.

"என்னா ஆபரேஷன்பா உனக்கு?"

செல்வம் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

"முட்டிங்க. இங்கதான் பண்ணினாங்க. பெரிய டாக்டர் முட்டிக்கு ரொம்ப ஃபேமஸ்."

அந்த மாதம் முடிவதற்குள் முட்டி வலி என்று ஐந்து பேர் எங்கள் ஆஸ்பத்திரியைத் தேடி வந்தார்கள். சீஃப் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.